தாத்தாவைத் தத்தெடுக்க வந்த டாக்டர் பிள்ளைகளுக்கு

அறுபது தாண்டின ஆளு எந்த நோவைச் சொல்லிக்கிட்டு வந்தாலும் டாக்டர் பிள்ளைக வாயில முதல்ல வர்ற பேச்சு ஒண்ணு இருக்கு: "வயசாயிருச்சுல்ல தாத்தா!" நாலரை வருசம் படிச்சு, ஒரு வருசம் ஹவுஸ் சர்ஜனா ராமுழிச்சு, கடைசியில கண்டுபிடிச்சது இதுதானா? இதை எங்க நாரணாபுரம் ரேசன் கடை மிசினே சொல்லிருமே. கட்டைவிரலை வச்சா ரேகை விழலைங்கும். சின்ன வயசுலயிருந்து தீப்பெட்டி ஒட்டி, சரம் பின்னின விரல்ல ரேகை எங்கிட்டு மிஞ்சும்? அது பாட்டுக்குக் காசு வாங்காமச் சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுது. உங்க சீட்டுலயும் அதே சேதிதான்னா, எதுக்கய்யா கழுத்துல அந்தக் குழாயி?

கோவிச்சுக்கிறாதீங்க. உங்களை விட்டா நாங்க யாரைக் கேலி பண்றது? பெத்த பிள்ளைகளைக் கேலி பண்ணினா ராத்திரிச் சோத்துக்கு வம்பு.

இப்பப் புதுசா ஒரு கூத்து. மருத்துவம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் கிராமத்துக்குப் போயி சில குடும்பங்களைத் தத்தெடுத்துக்கணும்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022-லயிருந்து விதி வச்சிருக்கு. நம்ம விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் அதே வருசம் சனவரி 12-ஆம் தேதி திறந்ததுதான். அன்னைக்கு ஒரே நாள்ல தமிழ்நாட்டுல பதினொரு கல்லூரி. ஆக, பேரன் பேத்தி எடுத்த கிழவனைப் பத்தொம்பது வயசுப் பேராண்டி தத்தெடுக்கிற காலம். சொத்துல பங்கு கேக்காத தத்துப்பிள்ளை கசக்குமா? வாங்க, வாங்க. ஆனா வந்ததும் பிரஷர் பட்டையைக் கையில சுத்தி, சுகருக்கு விரல்ல குத்தி, நோட்டுல நம்பரை எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் பறக்காதீங்க. அந்த வேலையை மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துல மாத்திரை கொண்டுவர்ற பிள்ளை 2021-லயிருந்து உங்களைவிடச் சுருக்காப் பண்ணுது. போதாததுக்கு, எந்த வீட்டுக் கிழவி சாப்பிடலை, எந்த வீட்டுக் கிழவன் மூணு நாளா வாசலுக்கே வரலைங்கிறதும் அதுக்குத்தான் தெரியும். முதல்ல அந்தப் பிள்ளைகிட்ட உட்கார்ந்து பாடம் கேளுங்க. கவுரவம் ஒண்ணும் குறைஞ்சிராது.

நீங்க பாக்க வேண்டியது எங்க தலைக்குள்ள. அதுதான் யாரும் பாக்கிறதில்ல.

தலைக்குள்ள பாக்க உங்ககிட்ட ஒரு தாள் இருக்கு, தெரியும். 1975-ல அமெரிக்காவுல போல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூங்கிறவரும் சேர்ந்து உண்டாக்கின சோதனை, மொத்தம் 30 மார்க். நல்ல தாளுதான், அவுக ஊருக்கு. எங்க தெருக் கிழவிகிட்ட அதை நீட்டிப் பாருங்க. "இப்ப என்ன சீசன் பாட்டி?"ன்னா, "ஆர்டர் சீசன்"ம்பா. மார்க் போச்சு. சிவகாசி வட்டாரத்துல தீபாவளி ஆர்டர் வர்ற காலமும், வேலையில்லாம வட்டிக்கு வாங்குற காலமும் விட்டா வேற என்ன சீசன் இருக்கு? "இன்னைக்கு என்ன தேதி?"ன்னா, அமாவாசை கழிஞ்சு நாலாம் நாளும்பா. அதுலயும் மார்க் இல்ல; நீங்க வீட்டுக்குப் போயி காலண்டரைப் பாத்தா அவ சொன்னது சரியா இருக்கும். "எத்தனாவது மாடியில இருக்கோம்?"னு ஒரு கேள்வி இருக்காம். ஓட்டு வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு அதைக் கேட்டா, சோதிக்க வேண்டியது யாரைன்னு அவ யோசிப்பா. பிறகு, கண்ணை மூடுங்கன்னு எழுதின அட்டையைக் காட்டுவீக, படிச்சு அதும்படி செய்யணும். எழுத்துத் தெரியாதவ அட்டையையும் உங்க மூஞ்சியையும் மாறி மாறிப் பாப்பா. கடைசியா, ரெண்டு அஞ்சுமூலைப் படத்தைப் பாத்து வரையச் சொல்லிப் பென்சிலைக் குடுப்பீக. பிறந்ததுலயிருந்து அவ பென்சிலைத் தொட்டது உங்க புண்ணியத்துலதான். கூட்டிப் பாத்தா பத்து மார்க் தேறாது. மறதிநோய்னு எழுதிட்டு நீங்க பஸ் ஏறுவீக. அவ அடுத்த தெருவுல யாரு யாருக்கு எவ்வளவு வட்டி பாக்கின்னு பைசா சுத்தமாச் சொல்லிக்கிட்டு இருப்பா.

இந்தக் கோளாறு பெரியவுகளுக்குத் தெரியாமலும் இல்ல. அரியானாவுல பல்லப்கர் பக்கத்துக் கிராமத்து ஆளுகளுக்கு, எழுத்துத் தெரியாதவுகளுக்கும் பொருந்துற மாதிரி, இந்தியிலயே கேள்விகளை மாத்தி 1995-ல வெளியிட்டாரு கங்குலிங்கிற டாக்டரும் அவரு கூட்டாளிகளும். 1998-ல கொச்சியில உலகத்து டாக்டர்கள் கூடி "10/66"னு ஒரு ஆராய்ச்சிக் குழுவே ஆரம்பிச்சாக. பேரைப் பாத்துக் கிரிக்கெட் ஸ்கோருன்னு நினைச்சிராதீங்க. மறதிநோய்க்காரங்கள்ல 66 சதவீதம் பேரு நம்மளைப் போல ஏழை நாட்டுல இருக்காக, ஆராய்ச்சியில 10 சதவீதம்கூட அவுகளைப் பத்தி இல்லைங்கிற கணக்கு அது. அந்தக் குழு சென்னையிலயும் வேலூரைச் சுத்தின கிராமங்கள்லயும் வீடு வீடாப் போச்சு. 2023-ல வந்த இன்னொரு பெரிய ஆய்வு, நாட்டுல அறுபது தாண்டினவுகள்ல 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய்னு சொல்லுது. கிட்டத்தட்ட 88 லட்சம் தலை.

சரி, நாரணாபுரத்துக் கிழவிக்கு எப்படிச் சோதனை வைக்கிறது? அவ தொழில்ல கை வையுங்க. தீப்பெட்டி ஆபீசுல வயசைத் தொலைச்சவளுக்கு குரோஸ் கணக்கு, அதாவது 144, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும். மூணு குரோஸுக்கு எத்தனை பெட்டி, கூலி எவ்வளவுன்னு கேளுங்க. அந்தக் கணக்கு தடுமாறினா நிமிர்ந்து உட்காருங்க. வாழ்க்கை முழுக்க எதுல அவ தப்பே பண்ணலையோ, அதுல தப்பு வருதான்னுதான் பாக்கணும். குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போடுறா, பிறந்து வளர்ந்த தெருவுல வீட்டைத் தேடுறா, இதெல்லாம் சேதி. அமெரிக்கா சனாதிபதி பேரு தெரியலைங்கிறது சேதியே இல்ல. தெரிஞ்சு அவ என்ன பண்ணப் போறா?

இன்னொரு வம்பு. எங்கள்ல எவனும் "மனசு சரியில்ல டாக்டர்"னு வரமாட்டான். நெஞ்சு படபடங்குது, வயித்துல காந்துது, உடம்பெல்லாம் உளைச்சல், வாயில சோறு இறங்கலை, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா பிறகு பொட்டுத் தூக்கமில்லை, எல்லாம் வாய்வு. இப்படித்தான் வருவோம். நீங்களும் கேஸ் மாத்திரை எழுதுவீக. இந்த வட்டாரத்துல மனச்சோர்வுக்குத் தின்ன கேஸ் மாத்திரையைக் கொட்டினா குண்டாறு நிரம்பும். பொண்டாட்டி செத்து வருசம் திரும்பலை, மகன் திருப்பூர்ல, பக்கத்து வீட்டுக்காரன்கிட்டப் பேச்சு நின்னுபோச்சு, இதெல்லாம் வயித்துக்கு மேலதான் இருக்கு; கேட்டாத்தான் வரும். மனச்சோர்வு வந்த கிழவன் மறதிக்காரன் மாதிரியே இருப்பான். எது கேட்டாலும் "தெரியாது"ம்பான். மறதிக்காரன் தப்புத் தப்பா ஏதாவது சொல்லிச் சமாளிப்பான். மனச்சோர்வுக்காரன் பதில் சொல்லவே முயற்சி பண்ணமாட்டான். மனச்சோர்வுன்னா மருந்துக்கும் பேச்சுக்கும் மசியும். தைராய்டு குறைஞ்சாலும், பி12 சத்து குறைஞ்சாலும் மறதி வரும், அதுக்கும் வைத்தியம் இருக்கு. அதைப் போயி "வயசாயிருச்சு"ன்னு மூடி வைக்கிறது பாவம் இல்லையா தாயி?

அப்புறம் ஒண்ணு. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்த மனுசி, விடிஞ்சதும் செத்துப்போன தங்கச்சிகூடப் பேசுறா, சுவத்துல பூச்சி ஓடுதுங்கிறா. வீட்டுல உடனே கோடாங்கிக்கு ஆளனுப்புவாக, இல்லாட்டி இருக்கன்குடிக்கு வேண்டிக்குவாக. நீங்க வந்தா கோடாங்கியைத்தான் முதல்ல வைவீக. வையாதீங்க. அந்த ஆளு ராத்திரி முழுக்கக் கிழவிக்கு முன்னால உட்கார்ந்து, எப்ப ஆரம்பிச்சது, எங்க போயிட்டு வந்தா, யாரு என்ன சொன்னாகன்னு கேட்டுக்கிட்டே உடுக்கடிக்கிறாரு. நீங்க ரெண்டு நிமிசம். அவருக்குத் தெரியாத சங்கதி வேற: ஒரே ராத்திரியில புத்தி புரண்டா அது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல, உடம்புல எங்கயோ தீ பிடிச்சிருக்கு. மூத்திரத்துல கிருமி, ரத்தத்துல சோடியம் குறைவு, நாலு நாளா வெளிக்குப் போகலை, இல்லாட்டி மூணு டாக்டர் குடுத்த மாத்திரை வயித்துக்குள்ள சண்டை போடுது. மஞ்சப் பையோட அத்தனை மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லிக் கட்டில்ல கொட்டிப் பாருங்க. தூக்க மாத்திரை மட்டும் ரெண்டு கம்பெனி பேர்ல கிடக்கும்.

பெரியவர்கிட்டக் கேக்கக் கூச்சப்பட்டுக் கேக்காம விடுற கேள்வி ஒண்ணு உண்டு. இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்த தாத்தா, சேர்ந்து மூணாம் நாள் போர்வையில எறும்பு பிடிக்கிறாரு, குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்குறாரு. நெற்றியில திருநீறு, வாயில முருகா முருகா. யாருக்குத் தோணும்? பொழுதடைஞ்சா டாஸ்மாக்ல குவாட்டர் போடுறது அவருக்கும் அவரு பேரனுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம். திடீர்னு நின்னதும் உடம்பு கேக்குது. கேட்டுட்டு முதல் நாளே மருந்து ஆரம்பிச்சிருந்தா இந்தக் கூத்தே இல்ல. எங்க திருநீறைப் பாத்து ஏமாந்துறாதீங்க.

நான் பட்டாசு ஆபீசுல போர்மேனா இருந்தவன். புதுசா வர்ற பயலை எடுத்த உடனே மருந்து ரூமுக்குள்ள விடமாட்டோம். ஓரமா நின்னு பாருடாம்போம். அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல ஈரம் பட்டா, புகையில்ல, சத்தமில்ல, தானா உள்ளுக்குள்ள சூடேறும். அதைக் கண்டுபிடிக்கிற கண்ணு வந்த பிறகுதான் கையில சல்லடை. உங்க வார்டுலயும் கத்துற கிழவனை எல்லாரும் பாத்துருவாக. சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டு, கூப்பிட்டா லேசாக் கண்ணைத் திறந்து மூடுறான் பாருங்க, "பாவம், நல்லாத் தூங்குறாரு"ன்னு நர்சம்மா தாண்டிப் போறாகளே, புத்தி புரள்றதுல அந்தச் சாதுவான வகையைத்தான் அதிகம் தவற விடுறாக.

இனி ஒரு விசயம், இதுல எனக்குக் கேலி வரலை. 2010-ல நம்ம மாவட்டத்துப் பேரு பத்திரிகைகள்ல பெருசா அடிபட்டுச்சு, பட்டாசுக்காக இல்ல. தலைக்கூத்தல். படுத்த படுக்கையாக் கிடக்கிற கிழடுகளை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீரைக் குடுத்து அனுப்பி வைக்கிற பழக்கம். அதை வச்சு "பாரம்"னு படம் வந்து, தமிழ்ல சிறந்த படம்னு தேசிய விருது வாங்குச்சு, "கே.டி. என்கிற கருப்புதுரை"ன்னு 2019-ல இன்னொண்ணும் வந்துச்சு. டவுன்ல பாத்தவுக ஆச்சரியப்பட்டாக. இங்க யாரும் ஆச்சரியப்படலை, யாரும் பேசவும் இல்ல.

இப்ப உங்க முன்னால ஒரு கிழவன் உட்கார்ந்து, மகன் வெளிய டோக்கன் வாங்கப் போன நேரம் பாத்து, "எனக்கு எண்ணெய் தேய்க்கப் பாக்குறாக சாமி"ங்கிறான். உங்க புத்தகத்துல இதுக்குப் பேரு இருக்கு, சந்தேகப் பிரமை. மறதிநோயில வரும், சாப்பாட்டுல விசம் வைக்கிறாக, காசைத் திருடுறாகன்னு சொல்லுவாகன்னு போட்டிருக்கும். சரிதான். புத்தகத்தை எழுதினவரு எண்ணெய்க் குளியலுக்குப் பயப்படுற ஊரைப் பாத்திருக்கமாட்டாரு. நீங்க பிரமைன்னு எழுதி, மாத்திரையைக் குடுத்து, "வேளாவேளைக்குக் குடுங்க"ன்னு மகன் கையிலயே ஆளை ஒப்படைச்சா என்ன ஆகும்? அதனால, கூட வந்தவுகளை டீ குடிச்சிட்டு வரச் சொல்லிட்டு, தனியாக் கேளுங்க. வீட்டுல யாரு சமைக்கிறா, யாரு குளிப்பாட்டுறா, மாசம் 1,200 ரூபாய் முதியோர் பென்சன் யாரு கைக்குப் போகுது, வீடு யாரு பேர்ல. மாத்திரை கொண்டுவர்ற பிள்ளையைக் கேளுங்க, பக்கத்து வீட்டைக் கேளுங்க. நிசம்னா 14567-னு முதியோருக்குன்னே ஒரு போன் நம்பர் இருக்கு. பெத்தவுகளைக் காப்பாத்தச் சொல்ற 2007-ஆம் வருசச் சட்டம் இருக்கு, ஆர்.டி.ஓ. ஆபீசுல மனுக் குடுக்கலாம். நிசமில்லைன்னா அப்பப் பிரமைன்னு எழுதுங்க, யாரு வேண்டாம்னா? பயம் ரெண்டுலயும் ஒண்ணுதான், அதுக்கும் வைத்தியம் பாக்கணும்.

அதுக்காக, வந்த மருமகளையெல்லாம் முறைக்கவும் கூடாது. பாம்படத்தைத் தானே அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிட்டு, "இந்தச் சிறுக்கி திருடிட்டா"ன்னு தெருவெல்லாம் சொல்ற மாமியா உண்டு. மலம் அள்ளிப் போடுறதும் அந்தச் சிறுக்கிதான். அவளையும் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, "நீ தூங்கி எத்தனை நாளாச்சு தாயி?"ன்னு கேளுங்க. அழுதுருவா. அது பாதி வைத்தியம்.

சாகணும்னு தோணுதான்னு கேக்கவும் தயங்காதீங்க. கேட்டா அந்த நினைப்பைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிரும்னு பயப்படுறீக, ஆகாது. எமனுக்கு என் வீட்டு அட்ரஸ் கிடைக்கலைபோலன்னு நாங்க தினமும் சொல்றதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம். ஆனா, உயிரா வளர்த்த ஆட்டை வித்துப்புட்டு, பாஸ்புக்கைப் பேத்தி கையில குடுத்துட்டு, புலம்பிக்கிட்டு இருந்தவன் திடீர்னு சாந்தமாயிட்டான்னா, அன்னைக்கு வீட்டுக்கு அனுப்பாதீங்க. 14416-னு மனசுக்கு ஒரு அரசாங்க நம்பர் இருக்கு, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாக. சொல்லுங்க, தப்பில்ல. காது மந்தமானவனுக்குப் போன்ல என்ன கேக்கும்ங்கிறதையும் நினைச்சுக்கங்க.

இதெல்லாம் யாரு சொல்லிக் குடுக்கிறதுன்னு கேப்பீக. சொல்லிக் குடுக்கிறவுக இருந்திருக்காக. டாக்டர் வ.செ. நடராசன் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில 1978-லயே முதியோருக்குத் தனி வெளிநோயாளர் பிரிவு ஆரம்பிச்சாரு, நாட்டுக்கே அதுதான் முதல். 1996-ல சென்னை மருத்துவக் கல்லூரியில முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பும் வந்துச்சு. முதியோர் மனநலத்துக்குன்னே லக்னோவுல கிங் ஜார்ஜ் மருத்துவப் பல்கலைக்கழகத்துல ஒரு துறை இருக்கு. 2024-ல கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மையம். சந்தோசம். பொதிகையில ஏறி ஒரு ராத்திரி போனா கிண்டி. மூத்திரம் அடக்க முடியாதவன் எப்படிப் போவான்னு மட்டும் கேக்காதீங்க. ஆகையால இங்கிட்டு இருக்கிற ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். பிள்ளைக்கும் இது தெரியணும். ஹவுஸ் சர்ஜனுக்கு மனநலப் பிரிவுல ரெண்டு வாரம் வச்சிருக்காக. ரெண்டு வாரம்! எங்க சாதி சனத்து உறவுமுறை பேரைக் கத்துக்கவே அது பத்தாது.

லண்டன் பக்கம் குட்மேஸ் ஆஸ்பத்திரியில 1969-ல சேர்ந்த டாம் ஏரிங்கிற டாக்டரு, எந்தக் கிழடையும் வார்டுல சேர்க்கிறதுக்கு முன்னால வீட்டுக்கே போயிப் பாப்பாராம். அடுப்பு எரியுதா, யாரு கூட இருக்கா, குளிர்பெட்டியில என்ன கிடக்கு. அவரு 1977-ல நாட்டிங்காம் போயி, உடம்பு டாக்டரையும் மனசு டாக்டரையும் ஒரே துறையில உட்கார வச்சு மாணவங்களுக்குப் பாடம் எடுத்தாரு. அதுக்கும் முன்னால, 1901-ல, பிராங்க்பர்ட்ல அல்சைமர் 51 வயசுப் பொம்பளை ஒருத்திகிட்ட உட்கார்ந்து, தான் கேட்டதையும் அவ சொன்னதையும் அப்படியே நோட்டுல எழுதி வச்சாரு. அஞ்சு வருசம் கழிச்சு அவ செத்த பிறகுதான் மூளையை எடுத்துப் பாத்தது. ஸ்கேன் எழுதுற கைக்கு அந்த நோட்டை யாராவது காட்டுங்கப்பா.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்ல. தத்தெடுக்கிற பிள்ளைகளுக்கு மார்க் போடுறது கல்லூரியில இருக்கிற பெரியவுகதானே? பத்தே பத்து மார்க்கை எங்க தெருக் கிழவிகிட்டக் குடுக்கச் சொல்லுங்க. நாற்காலியில உட்கார்ந்தானா, நின்னுக்கிட்டே கேட்டானா, அதுக்கு ரெண்டு. காதுக்குப் பக்கத்துல வந்து நிதானமாப் பேசினதுக்கு ரெண்டு. மருமகளை வெளிய அனுப்பிட்டுக் கேட்டதுக்கு ரெண்டு. பாதியில "சரி சரி"ன்னு வெட்டாம அவ கதையை முடிக்க விட்டதுக்கு மூணு. டீயை வேண்டாம்னு சொல்லாம வாங்கிக் குடிச்சதுக்கு ஒண்ணு. கிழவி தாராள மனசுக்காரி இல்ல. அவ புருசனுக்கே இதுவரைக்கும் நாலுக்கு மேல போட்டதில்ல. அரியர் எழுத வரும்போது வெத்தலை பாக்கோட வாங்க, வெறுங்கையோட வந்தா ஹால் டிக்கெட் செல்லாது.